கை என்ன செய்யுது?

அவர் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. அதற்காக நான் வருத்தப்படப் போவதுமில்லை, அவரும் என் முகத்தை ஒருநாளாவது ஒழுங்காகப் பார்த்தவரில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் கண் நேரே கைக்குத்தான் போகும். வணக்கம் சொன்னால் கூப்பிய கையைப் பார்ப்பார். தண்ணீர் கொடுத்தால் செம்பைப் பிடித்த விரலைப் பார்ப்பார். பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. ரங்கூனில், தாமுவேயில், எங்கள் தெருவுக்கு அவர் படக்காரர். குடும்பப் படம் வரைகிறவர். போட்டோ பிடிக்கிற கடைகள் அப்போதே நகரத்தில் இருந்தன. ஆனால் போட்டோவில் அரக்குப் புடவை கறுப்பாக விழுகிறது என்று எங்கள் பெண்களுக்குக் குறை. படக்காரர் வரைந்தால் அரக்கு அரக்காகவே இருக்கும்.

அவர் பள்ளிக்கூடம் போய் ஓவியம் படித்தவரும் இல்லை. ஒரு மரக்கம்பெனி துரை வீட்டில் பதினோரு வருஷம் பட்லர் வேலை பார்த்தவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில், துரையின் பாட்டனுக்குப் பாட்டன் குடும்பத்தோடு இருக்கிற படம் ஒன்று சுவர் கொள்ளாமல் தொங்கியதாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின படம், மதராஸில் இருந்தபோது எழுதினது. அதைத் தினமும் இறகுக் கட்டையால் தூசி தட்டுவது இவர் பொறுப்பு. தட்டித் தட்டியே எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது வரை மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் பழைய காலண்டரின் முதுகில் அதை வரைந்து பார்த்திருக்கிறார். வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு சாயப் பெட்டியும் கித்தானுமாகத் தெருவில் இறங்கிவிட்டார். உலகத்தில் அவருக்குத் தெரிந்த படம் அந்த ஒன்றுதான்.

ஆகவே தாமுவேயில் அவர் கைபட்ட அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திரை தொங்கும். பக்கத்தில் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு தூண். தூரத்தில் பச்சையாக ஒரு குன்று. குடும்பத் தலைவர் ஒரு காலை மறு காலின் மேல் போட்டுக்கொண்டு, நாற்காலி முதுகில் முழங்கையை ஊன்றி நிற்பார். அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கீழே இடது மூலையில் வெள்ளையில் பழுப்புப் புள்ளி போட்ட நாய் ஒன்று எல்லாரையும் நிமிர்ந்து பார்க்கும். எங்கள் வீட்டில் நாயே கிடையாதே என்று யாராவது கேட்டால், மூலை வெறிச்சென்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார். புருஷன் நிற்க பெண்டாட்டி உட்காருவதா என்று சிலர் முறைத்ததும் உண்டு. துரையே நின்றார், உங்களுக்கு நின்றால் கால் தேய்ந்துவிடுமா என்று வாயை அடைத்துவிடுவார்.

இதெல்லாம் அவருடைய சின்னக் கிறுக்கு. பெரிய கிறுக்கு, கைதான்.

படம் எழுத ஒப்புக்கொண்டால் முதல் மூன்று நான்கு நாள் தூரிகையையே தொடமாட்டார். வீட்டின் ஒரு மூலையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்துகொள்வார். மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு. யார் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நடுநடுவே தமக்குத்தாமே, 'கை என்ன செய்யுது, கை என்ன செய்யுது' என்று முணுமுணுப்பு. பார்த்ததைத்தான் படத்தில் வைப்பார். மரக்கடைக்காரர் வீட்டில் மாமியார்தான் எஜமானி என்று ஊரே நினைத்திருந்தது. படத்தைத் திறந்தால் உக்கிராண அறைச் சாவி மருமகள் இடுப்பில் தொங்குகிறது, மாமியார் கை விபூதி மடலைப் பிடித்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு மாதம் இரண்டு அடுப்பு எரிந்தது.

அதைவிடப் பெரிய கூத்து வாத்தியார் வீட்டில். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்தான். படத்தில் மனைவி கையில் முறம், மகள் கையில் குடம், மாமியார் கையில் திரி. வாத்தியாரின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. என் கை எங்கே ஐயா என்று வாத்தியார் கத்தியிருக்கிறார்.

"மூணு நாள் தேடினேனுங்க. கெடைக்கல" என்றாராம் படக்காரர்.

வாத்தியார் பெண்சாதி சிரித்த சிரிப்பு குழாயடி வரை கேட்டது. நான் பொய் சொல்லவில்லை, நானே கேட்டேன். மறுநாளே விஷயம் தாமுவேயைத் தாண்டி பக்கத்துப் பேட்டை மிங்கலா தாங்ஞுன்ட் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் படக்காரருக்கு வந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் பெண்கள். அவர் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், திண்டில் சாய்ந்திருந்த ஆண்பிள்ளைகள் எழுந்து ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மூன்று நாளாக ஒரே பித்தளை அண்டாவைத் தேய்த்தார். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், சொந்தப் பிள்ளைகள் எல்லாம் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டதால், எதிர்வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கித் தாலாட்டினார். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது.

எங்களுக்குப் பின்வீட்டில் தோ மியா என்ற பர்மாக்காரம்மா. சந்தையில் அவளுக்குக் கருவாட்டுக் கடை. புருஷன் வீட்டில் சுருட்டைப் புகைத்துக்கொண்டு பிள்ளை கன்னத்தில் தனக்காப் பட்டைச் சாந்து பூசிவிடுவார். படக்காரர் அதை அப்படியே வரைந்தார், தோ மியா கையில் தராசு, புருஷன் இடுப்பில் பிள்ளை. புருஷனும் பெண்டாட்டியும் படத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மாட்டிக்கொண்டார்கள். இந்தத் தமிழர்கள் எதற்காக இப்படிக் குதிக்கிறார்கள் என்று தோ மியா என் அம்மாவிடம் கேட்டாள். அம்மா வேறு பேச்சுப் பேசினாள்.

பேச்சை மாற்றக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் சமையல் அப்பா.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணத்துக்கு முன் ஆறு பேரோடு ஒரு அறையில் இருந்தபோது கரண்டி பிடித்தவர். அம்மா கப்பலில் வந்து இறங்கி, முதல்நாள் ஒரு சாம்பார் வைத்தாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நீ களைத்திருக்கிறாய், நாளைக்கு நான் வைக்கிறேன் என்றாராம். அந்த 'நாளைக்கு' இருபது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அம்மா நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளியில் படித்தவள், இங்கிலீஷ் எழுதுவாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று முனிசிபாலிட்டிக்கு எங்கள் தெரு போட்ட மனு அத்தனையும் அம்மா எழுதியது. கையெழுத்து மட்டும் யாராவது ஒரு ஆண்பிள்ளை போடுவார்.

இது வெளியே தெரியக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கதவு தட்டினால் ஆள் மாறும். அக்கா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, யாரது, யாரது என்று இரண்டு தரம் கேட்பாள். அதற்குள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையோடு சாய்வு நாற்காலியில் விழவேண்டும். அம்மா பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கரண்டியைப் பிடிக்கவேண்டும். மனுக் காகிதத்தைப் பாய்க்கடியில் தள்ளுவது நான். கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டம், அம்மா கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சிரிப்புக்கும் ஒருநாள் வினை வந்தது. அக்காவுக்கு ஒரு இடம் பேசி முடிகிற தருணத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா கதவைத் தட்டாமல் பின்வழியாக வந்துவிட்டார். அப்பா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். பெண்ணரசு நடக்கிற வீட்டில் எங்களுக்குப் பெண் வேண்டாம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அக்கா அழவில்லை. இரண்டு நாள் கதவு தட்டினாலும் தாழ்ப்பாளுக்கு ஓடவில்லை, அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

அடுத்த வருஷம் பெகு ஊரிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் தந்தி குமாஸ்தா வேலை. போட்டோவில் காது கொஞ்சம் பெரிது. அக்கா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பார்ப்பாள், எனக்குத் தெரியும். தரகர் ஒன்று மட்டும் சொல்லி வைத்தார். அந்தப் பிள்ளையின் அம்மா மகா கண்டிப்பு, பெண்ணைக்கூடப் பார்க்கமாட்டாள், பெண்ணைப் பெற்றவளின் அடுக்களை லட்சணத்தைத்தான் பார்ப்பாள். பழைய கதை அங்கே எட்டியிருந்தாலும் இருக்கும். அம்மா யோசித்தாள். அம்மா கையில் கரண்டியும் அப்பா கையில் பத்திரிகையுமாக ஒரு குடும்பப் படம் கூடத்தில் தொங்கினால் யார் வாயும் அடைபடும். அதுவும் படக்காரர் படம், அவர் பொய் எழுதமாட்டார் என்று ஊருக்கே தெரியும். இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பொய் சொல்லாதவரைக் கூப்பிட்டுத்தான் பொய் சொல்ல வைக்கப் பார்த்தோம்.

நான்கு நாள் அம்மா சமைத்தாள். ஐயோ, அந்த நான்கு நாள். முதல்நாள் சோறு குழைந்தது, இரண்டாம் நாள் விறைத்தது. ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. அப்பா சாய்வு நாற்காலியில் பத்திரிகையோடு நெளிந்தார். கடுகு தீய்கிற வாசனை வரும்போதெல்லாம் அவர் கால் தானாகத் தரையைத் தேடும், அக்கா கண்ணாலேயே உட்கார வைப்பாள். படக்காரர் எதையும் ஒதுக்காமல் சாப்பிட்டார். நான்காம் நாள் இலையை மடித்துவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அம்மா, உங்க கைக்கு இது புது வேலை. ஐயா, உங்க பத்திரிகையில மஞ்சள் பெருவிரல் ரேகை விழுந்திருக்கு. முதல் நாளே பாத்தேன். இதை நான் எழுத மாட்டேனுங்க."

அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போன வருஷம் கலைந்த சம்பந்தத்தைச் சொன்னார், இதுவும் கலைந்தால் என் பெண் கதி என்ன என்றார். கடைசியில் அவர் கேட்டதில் எங்களுக்கே தூக்கிவாரிப்போட்டது. "அந்த வாத்தியார் மாதிரி என் கையையும் பின்னாலே கட்டிடுங்க. ஒண்ணுத்துக்கும் உதவாத ஆம்பளைன்னு ஊர் சொல்லட்டும். அதுல கௌரவக் குறைவு இல்ல பாருங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமா எனக்குச் சோறு போட்ட கை. அதை முதுகுக்குப் பின்னால ஒளிக்கச் சொல்றீங்களே" என்றாள்.

படக்காரர் வெற்றிலையை எடுத்தவர் போடாமல் வைத்துவிட்டார். துரை வீட்டுப் படத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார்.

"அந்தப் படத்துல பாட்டன் துரை கை நாற்காலி மேல கெடக்கு. தொரசானி விரல்ல ஒரு பூ. மூத்த பொண்ணு கையில கிளி. எல்லாக் கையும் ஏதோ செய்யற மாதிரி இருக்கும், ஒண்ணும் செய்யல. ஓரத்துல, இருட்டுல, ஒரு ஆயா நிக்குது. நம்ம மதராஸ் பொம்பள. ஆறு மாசப் பிள்ளையை அதுதான் தூக்கிக்கிட்டிருக்கு. அத்தனை பேர்ல நெசமா வேலை செய்யற கை அது ஒண்ணுதான். அடியில பித்தளைத் தகட்டுல எல்லார் பேரும் போட்டிருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்களை விட்டுப் படிக்கச் சொன்னேன். நாய் பேரு இருக்குங்க. ஆயா பேரு இல்ல. எங்க துரைகிட்டயே கேட்டேன். எந்த ஆயா, எங்கேன்னாரு. தெனம் மூணு வேளை அந்தப் படத்துக்கு அடியில உக்காந்து சாப்பிடற மனுசன்."

அப்பா மறுபடியும், பெண் கல்யாணம் என்று ஆரம்பித்தார். படக்காரர், பார்க்கலாம் என்றார். கித்தானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்க்கலாமை நாங்கள் சரி என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொண்டது எங்கள் தப்பு. அதற்கப்புறம் மூன்று நான்கு நாள் அவர் தோ மியா வீட்டு வேலியோரம், எங்கள் பின்கதவைப் பார்த்தபடி வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததையும் நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

பெகுக்காரர்கள் வருகிற அன்று காலையில் படம் வந்தது. ஒரு பழைய லுங்கியில் சுற்றி, சாயம் ஈரமாக இருக்கிறது, தொடாதீர்கள் என்று சொல்லி அவரே கூடத்தில் மாட்டினார். லுங்கியை அவிழ்ப்பதற்கும் வாசலில் குதிரை வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, தரகர், நான்கு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் படத்தையே நிமிர்ந்து பார்த்தோம்.

சிவப்புத் திரை இருந்தது. தூண் இருந்தது. பச்சைக் குன்று இருந்தது. நாயும் இருந்தது. தூணுக்குப் பக்கத்தில் என் அப்பா கால்மேல் கால் போட்டு ராஜா மாதிரி சாய்ந்து நிற்கிறார், கையில் சாம்பார்க் கரண்டி, அதிலிருந்து ஆவி பறக்கிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மனு எழுதுகிறாள். அக்கா கை தாழ்ப்பாளில். நான் பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அந்த மனிதரைக் கடித்துக் குதறவேண்டும் போலிருந்தது. அவர் வாசற்படியோரம் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அக்கா கேசரித் தட்டோடு உள்ளறை வாசலில் நின்றாள். அம்மா அதிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். படக்காரர் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார், வயசாகிவிட்டது பாவம் என்றார். பெகு அம்மாள் ஒல்லியானவள், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். படத்தை ஒருமுறை பார்த்தாள். கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டாள். அம்மா பக்கம் திரும்பி, நீங்கள் கிண்டினதா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா. ஏலக்காய் எப்போது போட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரவையோடயே போட்டுட்டேன்."

"அடடா, இறக்குறப்பத்தானே போடணும்" என்றார் அப்பா.

அவரால் தாங்க முடியவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் வந்தது அவருக்கே தெரிந்தது. தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். போயிற்று, இதுவும் போயிற்று என்று நான் பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெகு அம்மாள்தான் முதலில் எழுந்தாள். வாசல் பக்கம் போகவில்லை, படத்தின் பக்கம் போனாள். மூக்கில் சாயம் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் ஒரு படத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

"இதை எழுதினவரை எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம். என் கை என்ன செய்யுதுன்னு எங்க வீட்ல ஒருத்தரும் ஏறிட்டுப் பாத்ததில்ல."

அவள் புருஷர் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். அவர் காப்பி குடித்த டம்ளரை நாற்காலிக்கடியில் வைத்திருந்தார். "எழுந்து போய் அந்த டம்ளரைக் கழுவி வெச்சிட்டு வா. அப்புறம் பொண்ணைப் பாரு" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. டம்ளரை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழித்தார். அப்பா தாவி எழுந்து, வாங்க மாப்பிள்ளை, சாம்பல் இங்கே இருக்கிறது என்று அழைத்துக்கொண்டு போனார். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கக்கூடாது. ஆனால் அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன், தரகர்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தோ மியா வீட்டுக்குக் கேட்டு, அவள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. படக்காரர் பெகுவுக்குப் போனது அதற்கு அப்புறம். அங்கே நடந்ததைத் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது அக்கா சொன்னாள். மாமியார் அவரிடம், என் கை சும்மா மடியில் கிடக்கிற மாதிரி எழுதுங்கள் என்றாளாம். படக்காரர் கையைப் பிசைந்திருக்கிறார். பார்க்காததை எழுத எனக்கு வராதே அம்மா, மன்னிக்கவேண்டும் என்றாராம்.

"அப்ப நான் சும்மா உக்காந்துக்கறேன். பாத்து எழுதுங்க."

அன்றே உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியில் மாமனாரும் அத்தானும் பாத்திரத்தை உருட்டினார்கள். எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு வந்து வந்து நின்றார்கள். அவள் பதில் சொல்லவில்லையாம், அக்காவையும் எழுந்திருக்க விடவில்லையாம். முதல் இரண்டு நாள் அந்தக் கை அடங்கவே இல்லை. முந்தானையை மடித்தது, தரையில் இல்லாத தூசியைத் தள்ளியது. படக்காரர் தூரிகையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மாமியார் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்விட்டாள். கை இரண்டும் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, விரித்தபடி கிடந்தன.

யாரையும் பேசவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, படக்காரர் அப்போதுதான் சாயப் பெட்டியைத் திறந்தாராம். அவள் எழுந்திருக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தாராம்.